நின்றுபோன பழைய மேசைக் கடிகாரம்: பிரிப்பதற்கு முன் பீட்டைச் சரிசெய்யுங்கள்

ஏலத்திலோ பழைய சாமான் கடையிலோ வாங்கி வந்த அமெரிக்க மேசைக் கடிகாரம், பெண்டுலத்தை ஆட்டிவிட்டால் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றுவிடுகிறதா? பெரும்பாலும் உள்ளே எதுவும் உடைந்திருக்காது. விற்றவர் “அதிகமா சாவி கொடுத்து இறுகிப்போச்சு” என்று சொல்லியிருப்பார், அதை நம்ப வேண்டாம். ஸ்பிரிங்கை முழுக்கச் சுற்றியதால் மட்டும் எந்தக் கடிகாரமும் நின்றுபோவதில்லை. பழைய எண்ணெய் பிசினாகிப் போயிருக்கலாம், அல்லது பீட், அதாவது டிக், டாக் சத்தங்களுக்கு நடுவே இருக்க வேண்டிய சம இடைவெளி, தவறியிருக்கலாம். பீட்டைப் பார்க்கக் காசு செலவில்லை என்பதால் அதில்தான் தொடங்க வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் என் அலமாரியில் ஓடும், செத் தாமஸ் கம்பெனியின் கறுப்பு அடமன்டைன் கடிகாரத்தை வைத்துச் சொல்வது. அன்சோனியா, செஷன்ஸ், இங்கிரகாம் கடிகாரங்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

படி 1: என்ன வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்

செத் தாமஸ் என்றால் பெட்டியின் அடியிலோ பின்னாலோ டார்ச் அடித்துப் பாருங்கள். மையில் குத்திய நான்கு இலக்க எண்ணும் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கலாம். எண்ணைப் பின்னாலிருந்து படியுங்கள்: 5091 என்றால் 1905. எழுத்து மாதத்தைச் சொல்லும், ஆங்கில வரிசையின் முதல் எழுத்தான ஏ என்றால் ஜனவரி, ஐந்தாவதான இ என்றால் மே. இது தெரியாமல் அதை ஏதோ மாடல் எண் என்று நினைத்து விற்பவர்கள் நிறைய.

அடமன்டைன் என்பது கல்லும் இல்லை, பெயின்ட்டும் இல்லை. மரத்தின் மேல் ஒட்டிய செல்லுலாய்ட் தகடு. 1880களின் தொடக்கத்திலிருந்து செத் தாமஸ் இதைப் போட்டு, விலை உயர்ந்த பளிங்குக் கடிகாரங்களின் தோற்றத்தைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். அதனால் நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள், அசிட்டோன் பட்டால் செல்லுலாய்ட் கரைந்துவிடும். எளிதில் தீப்பிடிக்கும் பொருளும்கூட, விளக்கை அருகில் வைக்க வேண்டாம். லேசாக ஈரமான மெல்லிய துணியே போதும்.

படி 2: சாவி

ஸ்டார் சாவி என்று பல அளவு முனைகளோடு ஒன்று விற்கிறார்கள், வாங்காதீர்கள். பிடி சரியாகக் கிடைக்காது. உங்கள் கடிகாரத்தின் தண்டுக்குப் பொருந்தும் ஒரே அளவுச் சாவி வாங்குங்கள், மறுமுனையில் சின்ன துளை இருப்பதாகப் பார்த்து. டயலில் வலது ஓட்டை நேரத்துக்கு, இடது ஓட்டை மணி அடிப்பதற்கு. ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ‘க்ளிக்’ சத்தம் விழுந்து சாவி நிலைத்த பிறகே கையைத் தளர்த்துங்கள். இந்த ஸ்பிரிங்குகள் டப்பாவுக்குள் இல்லாமல் திறந்தே இருக்கும், அந்தச் சத்தத்தோடு ஸ்பிரிங்கைத் தடுத்து நிறுத்தும் துண்டு (அதன் பெயரும் க்ளிக்தான்) தேய்ந்திருந்தால் சாவி படுவேகமாகத் திரும்பி விரலைப் பதம் பார்த்துவிடும்.

படி 3: பெண்டுலம்

பின்பக்கக் கதவைத் திறந்து மாட்டுங்கள். மேலே அதைத் தாங்கும் மெல்லிய எஃகுப் பட்டை மடங்கியிருந்தால் பெண்டுலம் நேராக ஆடாமல் நெளிந்து நெளிந்து ஆடும். அப்படியானால் பட்டையை மாற்றத்தான் வேண்டும், நிமிர்த்திப் பார்ப்பதில் பயனில்லை.

படி 4: பீட்

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. எனக்கும் இதுதான் அதிக நேரம் பிடித்தது, அதனால் நிதானமாகப் படியுங்கள்.

முதலில், ரசமட்டத்தை மறந்துவிடுங்கள். பெட்டி துல்லியமாகச் சமமாக இருந்தும் பீட் தவறியிருக்கலாம், சாய்ந்திருந்தும் பீட் சரியாக இருக்கலாம். கேட்க வேண்டியது சத்தத்தை. டிக்… டாக்… டிக்… டாக்… என்று இடைவெளி ஒரே அளவில் இருந்தால் சரி. டிக்-டாக்……டிக்-டாக் என்று நொண்டினால் நின்றுவிடும்.

கடிகாரம் நிரந்தரமாக இருக்கப்போகும் அலமாரியிலேயே வையுங்கள். ஓடவிட்டு, பெட்டியின் ஒரு பக்கத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள். நொண்டல் அதிகமானால் மறுபக்கத்தைத் தூக்குங்கள். எந்தப் பக்கம் எவ்வளவு தூக்கும்போது சத்தம் சீராகிறது என்று பார்த்து, அடியில் காசு அல்லது மடித்த அட்டை வையுங்கள். வித்தியாசம் மிகச் சின்னதென்றால் அப்படியே விட்டுவிடலாம். காதை நம்ப முடியாவிட்டால் போனில் பதிவுசெய்து அலைவடிவத்தைப் பாருங்கள், முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் ஒன்றுவிட்டு ஒன்று அகலமும் குறுகலுமாக இருந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

நிறையத் தூக்க வேண்டியிருந்தால் கம்பியை வளைக்க வேண்டும். பெண்டுலத் தண்டைத் தழுவியபடி ஒரு மெல்லிய கம்பி மேலிருந்து இறங்கும், பெண்டுலத்தைத் தள்ளிவிடுவது அதுதான், க்ரட்ச் என்பார்கள். விதி ஒன்றே ஒன்று: எந்தப் பக்கத்தைத் தூக்கியபோது சத்தம் சீரானதோ, அந்தப் பக்கமாகக் கம்பியை வளையுங்கள். மேற்பகுதியை ஒரு விரலால் தாங்கிக்கொண்டு, கீழ்ப்பகுதியை மட்டும் துளித் துளியாக. இழுத்து வளைத்தால் மேலே இருக்கும் நங்கூர வடிவத் துண்டோ, அது ஒவ்வொரு பல்லாக விடுவிக்கும் எஸ்கேப் சக்கரத்தின் பற்களோ கெட்டுவிடும். வளைத்ததும் காசை எடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள்.

பிறகு சேர்த்தது: “நான் விதிப்படி செய்தும் இன்னும் மோசமாகிவிட்டது” என்று சிலர் எழுதியிருந்தீர்கள். காரணம் பின்கதவு. முன்னால் நின்று இடது பக்கத்தைத் தூக்கிவிட்டு, பின்னால் போய் உங்கள் இடது கைப் பக்கம் வளைத்தால் அது எதிர்ப்பக்கம். தூக்கிய பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு, டேப் இருக்கும் பக்கமாக வளையுங்கள்.

படி 5: மணி

நிமிட முள்ளை முன்னோக்கி மட்டும் நகர்த்துங்கள், ஒவ்வொரு மணியிலும் அரையிலும் அடித்து முடிக்கும்வரை காத்திருங்கள். முள் 3 காட்டும்போது 7 அடிக்கிறதா? சின்ன முள் வெறும் இறுக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது, அதை மட்டும் பிடித்து 7க்குத் திருப்புங்கள். அப்புறம் பெரிய முள்ளால் சரியான நேரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

படி 6: வேகம்

12க்குப் பக்கத்தில் உள்ள சின்ன ஓட்டைதான் சாவியின் சின்ன முனைக்கு. எஃப் பக்கம் வேகம், எஸ் பக்கம் மெதுவு. கொஞ்சம் திருப்பிவிட்டு ஒரு முழு நாள் விடுங்கள். இடத்தை மாற்றும்போது பெண்டுலத்தைக் கழற்றிவிட்டுத் தூக்குங்கள், இல்லாவிட்டால் மேலே உள்ள பட்டை முறிந்துவிடும்.

பீட் சீராக இருந்தும் நிற்கிறதென்றால், இரண்டு முட்களும் ஒன்றையொன்று உரசுகிறதா, முள் கண்ணாடியைத் தொடுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அழுக்கு. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், துரு நீக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம், பிசின் மேல் அது இன்னொரு படலமாகப் படியும். கடிகாரத்துக்கென்றே வரும் செயற்கை எண்ணெயை, சுத்தம் செய்த பிறகு, தண்டு முனைகள் பித்தளைத் தகட்டில் சுழலும் துளைகளில் ஊசி முனையளவு வையுங்கள். பல்சக்கரங்களின் பற்களுக்கு எண்ணெயே கூடாது. சுத்தம் செய்ய மெஷினைக் கழற்ற வேண்டும், கழற்றும் முன் இரண்டு ஸ்பிரிங்கையும் இறக்க வேண்டும். இறக்கத் தெரியாவிட்டால் அந்த வேலையை மட்டும் கடிகாரக்காரரிடம் கொடுங்கள். முழுக்கச் சுற்றிய ஸ்பிரிங் கையைக் கிழித்துவிடும்.