அயர்லாந்தில் ரயிலையும் பஸ்ஸையும் மட்டும் நம்பிப் பல ஊர் சுற்றப் போகிறீர்களா? திட்டத்திலேயே நேரும் தவறுகள்

அயர்லாந்து சின்னத் தீவு. தென்முனையிலிருந்து வடமுனைக்கு 500 கிலோமீட்டர்கூட இல்லை. அந்த தைரியத்தில் பலரும் வரைபடத்தை விரித்து டப்ளின், பெல்ஃபாஸ்ட், டெரி, கால்வே, கார்க் என்று கரையோரமாக ஒரு வட்டம் போட்டுவிடுகிறார்கள். கார் இருந்தால் அந்த வட்டம் சரிவரும். ரயிலும் பஸ்ஸும்தான் என்றால் பாதி வழியில் நாள் முழுக்க வீணாகும்.

தண்டவாளம் போட்டிருக்கும் விதம்தான் காரணம். பனையோலை விசிறியை நினைத்துக்கொள்ளுங்கள். காம்பு டப்ளினில் இருக்கிறது. அங்கிருந்து பெல்ஃபாஸ்ட், ஸ்லைகோ, வெஸ்ட்போர்ட், கால்வே, லிமெரிக், டிரலீ, கார்க், வாட்டர்ஃபோர்ட், ரோஸ்லேர் என்று பாதைகள் விரிகின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் குறுக்கே போகும் பாதை அபூர்வம். மேற்கில் கால்வேயையும் லிமெரிக்கையும் இணைக்கும் பாதை 2010இல் மீண்டும் முழுமையானது. அதிலும் நாளுக்கு நான்கைந்து ரயில்கள்தான். டொனிகால் மாவட்டத்தில் ரயிலே கிடையாது. டெரியிலிருந்து ஸ்லைகோ, ஸ்லைகோவிலிருந்து கால்வே என்றால் பஸ்ஸைத் தவிர வழியில்லை.

ஆகவே முதல் தவறு, எல்லாப் பயணத்தையும் ரயிலிலேயே முடிக்க நினைப்பது. கால்வேயிலிருந்து கார்க் போக ரயில் தேடினால் லிமெரிக்கில் ஒரு முறை, லிமெரிக் ஜங்ஷனில் ஒரு முறை என்று மாறச் சொல்லும். அதே தூரத்துக்கு எக்ஸ்பிரஸ்வே என்ற நீண்ட தூர பஸ் சேவையின் 51ஆம் எண் பஸ், எனிஸ், லிமெரிக் வழியாக மாறாமல் ஓடுகிறது. நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். பெட்டியை ஒரே முறை ஏற்றி ஒரே முறை இறக்கலாம். டப்ளினிலிருந்து கார்க் என்றால் கதை வேறு. ஏறத்தாழ மணிக்கொரு ரயில், இரண்டரை மணி நேரம்தான். டப்ளினைத் தொடும் பயணத்துக்கு முதலில் ரயிலைப் பாருங்கள், டப்ளினைத் தொடாத பயணத்துக்கு முதலில் பஸ்ஸைப் பாருங்கள். யூரெயில், இன்டர்ரெயில் பாஸ் வாங்குமுன்பும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பாஸ் ரயிலுக்கு மட்டுமே செல்லும். மேற்குக் கரையில் ஐந்து நாள் கழிக்கிறவர் அதை வாங்கினால், பெரும்பாலான நாள் அது பையில்தான் கிடக்கும்.

டப்ளினில் ஒரு ரயில் நிலையம்தான் என்று நினைத்து மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. கார்க், கால்வே, லிமெரிக், கெர்ரி பக்கம் போகும் ரயில்கள் நகரின் மேற்கே ஹியூஸ்டனிலிருந்து கிளம்புகின்றன. பெல்ஃபாஸ்ட், ஸ்லைகோ, ரோஸ்லேர் ரயில்கள் கிழக்கே கொனொலியிலிருந்து. இரண்டுக்கும் இடையே சுமார் மூன்று கிலோமீட்டர். லுவாஸ் டிராமின் சிவப்புத் தடம் இரண்டையும் இணைக்கிறது. கால் மணி நேரம் போல ஆகும். எல்லா டிராமும் கொனொலி வாசலுக்குப் போகாது. 'தி பாயின்ட்' என்று போட்ட டிராம் வந்தால் விட்டுவிடாதீர்கள். ஏறி புசாரஸ் நிறுத்தத்தில் இறங்கினால் சில நிமிட நடைதான். கார்க்கிலிருந்து வந்து பெல்ஃபாஸ்ட் ரயிலைப் பிடிக்கிறவர்கள் நடுவில் ஒரு மணி நேரமாவது விட வேண்டும்.

லிமெரிக் ஜங்ஷன் என்ற பெயர் ஏமாற்றும். அது லிமெரிக் நகரில் இல்லை. டிப்பரரி மாவட்டத்தில், வயல்வெளிக்கு நடுவே இருக்கும் சந்திப்பு. லிமெரிக் இன்னும் முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி. டப்ளினிலிருந்து லிமெரிக் போகிறவர்கள் பல ரயில்களில் இங்கே இறங்கி வேறு ரயில் ஏற வேண்டும். தூங்கிப்போனால் கார்க்கில்தான் கண் விழிப்பார்கள். கெர்ரி பக்கம் கில்லார்னி போகிறவர்கள் பல ரயில்களில் மாற வேண்டிய இடம் 'மாலோ' (Mallow) என்ற நிலையம். டிக்கெட் வாங்கும்போதே எங்கே மாறவேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இனி வருவது கொஞ்சம் பெரிய விஷயம். டிக்கெட் வாங்குமுன் படித்துவிடுங்கள். பெல்ஃபாஸ்டும் டெரியும் வட அயர்லாந்து, அதாவது ஐக்கிய இராச்சியம். அயர்லாந்து குடியரசின் விசா அங்கே தானாகச் செல்லாது. ஷெங்கன் விசா இரண்டு இடத்திலும் செல்லாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்போருக்கு பிரிட்டிஷ்–ஐரிஷ் விசா திட்டம் என்று ஓர் ஏற்பாடு 2015 முதல் இருக்கிறது. விசாவில் 'பி.ஐ.வி.எஸ்.' என்ற குறிப்பு இருந்தால் ஒரே விசாவில் இரண்டு பக்கமும் போகலாம். ஆனால் எந்த நாடு விசா கொடுத்ததோ அந்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு இந்தத் திட்டம் கிடையாது. இரண்டு விசா தனித்தனியே எடுக்க வேண்டும்.

எல்லையில் தடுப்புக் கம்பியோ சாவடியோ இல்லை. வேக எல்லைப் பலகை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறும், போனில் பிரிட்டிஷ் நெட்வொர்க் வரும், அவ்வளவுதான் அடையாளம். யாரும் கேட்கமாட்டார்கள் என்று இதை வைத்து முடிவுகட்டுவது ஆபத்து. ரயிலிலும் பஸ்ஸிலும் திடீர்ச் சோதனைகள் உண்டு. வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் போகும் இடம் இன்னொன்று: டப்ளினிலிருந்து டொனிகால் டவுன் போகும் 30ஆம் எண் பஸ் எனிஸ்கில்லன் வழியாகவும், லெட்டர்கென்னி போகும் 32ஆம் எண் பஸ் ஓமா வழியாகவும் போகின்றன. புறப்படும் ஊரும் சேரும் ஊரும் குடியரசில் இருக்கின்றன, நடுவழி மட்டும் வட அயர்லாந்தில். அந்த விசா இல்லாதவர்கள் டப்ளினிலிருந்து ஸ்லைகோவரை ரயிலில் போய், அங்கிருந்து பண்டோரன் வழியாக டொனிகால் டவுனுக்கு பஸ் பிடித்தால் குடியரசை விட்டு வெளியேறாமலே போய்ச் சேரலாம்.

டப்ளின் விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது. அதனால் எல்லாரும் முதலில் பஸ்ஸில் நகருக்குள் போய், மறுநாள் ஹியூஸ்டன் போய், கால்வே ரயில் ஏறுகிறார்கள். தேவையில்லை. கால்வே, கார்க், பெல்ஃபாஸ்ட் மூன்றுக்கும் விமான நிலைய வாசலிலிருந்தே நேரடி கோச்சுகள் உண்டு. கால்வேக்கு சிட்டிலிங்க், கோபஸ். கார்க், பெல்ஃபாஸ்டுக்கு ஏர்கோச். இறங்கிய அன்றே மேற்குக்குப் போய்விட்டு டப்ளினைக் கடைசிப் பகுதியில் வைத்துக்கொண்டால் ஒரே பாதையில் இரண்டு முறை போவது மிச்சமாகும். பத்து இரவுக்கு இப்படி: விமான நிலையத்திலிருந்து கால்வே (மூன்று இரவு), அங்கிருந்து பஸ்ஸில் கார்க் (இரண்டு இரவு), ரயிலில் டப்ளின் (மூன்று இரவு), ரயிலில் பெல்ஃபாஸ்ட் (இரண்டு இரவு), பிறகு கோச்சில் நேரே டப்ளின் விமான நிலையம். ஊருக்கு ஓர் இரவு என்று ஏழெட்டு ஊரைத் திணிக்காதீர்கள். அறையைக் காலி செய்து, நிலையம் போய், பயணம் முடித்து, அடுத்த அறையில் பெட்டியை வைக்கும்போது அரை நாள் போயிருக்கும்.

கால்வேயில் இருந்துகொண்டு மொஹர் செங்குத்துப் பாறைகளைப் பார்க்கப் போகிறவர்கள் 350ஆம் எண் பஸ்ஸின் நேர அட்டவணையை முதல் நாளே பார்த்துவிட வேண்டும். ஒரு பக்கப் பயணம் இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வர வெகு நேரமாகும். டிசம்பரில் மாலை நாலரைக்குள் சூரியன் மறைந்துவிடும், ஜூனில் இரவு பத்துவரை வெளிச்சம் இருக்கும். ஒரே அட்டவணை இரண்டு மாதத்துக்கும் ஒத்துவராது. அடுத்த ஊர் லிமெரிக்கோ கார்க்கோ என்றால் கால்வேக்குத் திரும்பவே வேண்டாம். அதே 350 பாறைகளைத் தாண்டி எனிஸ் போகிறது. அங்கே 51ஐப் பிடிக்கலாம். ஆரன் தீவுகளுக்கும் இதே எச்சரிக்கை: வழக்கமான படகுத்துறை ரோசவீல், கால்வேயிலிருந்து நாற்பது கிலோமீட்டர் போல மேற்கே. படகு டிக்கெட்டுடன் துறைக்குப் போகும் பஸ்ஸுக்கும் சேர்த்து முன்பதிவு செய்யுங்கள்.

கிராமப்புற நிறுத்தத்தில் பேசாமல் நின்றால் பஸ் போய்க்கொண்டே இருக்கும். கை நீட்ட வேண்டும். டப்ளின் பஸ்களில் நெற்றியில் 'ஆன் லார்' என்று இருந்தால் அது ஓர் ஊரின் பெயரல்ல. ஐரிஷ் மொழியில் நகர மையம் என்று பொருள். ரொக்கமாகக் கொடுத்தால் நாணயம் மட்டும்தான் வாங்குவார்கள், மீதி கையில் வராது. லீப் கார்டு என்ற பயண அட்டையை வாங்கிவிடுவது நல்லது. அதில் டப்ளின் நகருக்குள் 2 யூரோவுக்கு 90 நிமிடம் பஸ், டிராம், டார்ட் என்ற புறநகர் ரயில் மாறி மாறிப் போகலாம். டிராமிலும் டார்ட்டிலும் ஏறும்போது தொடுவதோடு இறங்கும்போதும் கார்டைத் தொட வேண்டும். கார்க், கால்வே நகர பஸ்களிலும் அது செல்லும். டப்ளின்–கார்க் போன்ற நீண்ட தூர ரயிலுக்குச் செல்லாது, வட அயர்லாந்தில் செல்லவே செல்லாது.

நீண்ட தூர ரயில் டிக்கெட்டை ஐரிஷ் ரயில் தளத்தில் முன்கூட்டியே வாங்கினால் விலை குறைவு, இருக்கையும் உறுதி. இருக்கைக்கு மேலே உங்கள் பெயரே ஒளிரும். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் மாணவர்கள் ஊருக்குப் போய்த் திரும்பும் நேரம். அப்போது முன்பதிவில்லாமல் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் ரயில் தாமதமாகத்தான் கிளம்பும். பொது விடுமுறைத் திங்கட்கிழமைகளை ஒட்டித் தண்டவாள வேலை வைப்பார்கள். இந்த விடுமுறைகளும் எல்லைக்கு எல்லை வேறு. ஆகஸ்டில் குடியரசுக்கு முதல் திங்கள், வடக்குக்குக் கடைசித் திங்கள். ஜூலை 12 வடக்குக்கு மட்டும். டிசம்பர் 25 அன்று ரயில் கிடையாது, பஸ்ஸும் ஏறக்குறைய கிடையாது. அதனால் "தினமும் ஓடுகிறது" என்று பார்த்ததை நம்பாமல், போகும் தேதியைப் போட்டு, குடியரசுக்கு டி.எஃப்.ஐ. ஜர்னி பிளானர் தளத்திலும், வடக்குக்கு டிரான்ஸ்லிங்க் தளத்திலும் பாருங்கள்.

பழைய வழிகாட்டிகளில் பெல்ஃபாஸ்டுக்கு லேன்யன் பிளேஸ் நிலையத்தில் இறங்கச் சொல்லியிருக்கும். 2024 அக்டோபர் முதல் டப்ளின் ரயில் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்துக்கு வருகிறது. நீண்ட தூர பஸ்களும் அங்கேயே. டப்ளினிலிருந்து காலை விமானம் என்றாலும் கடைசி இரவைப் பெல்ஃபாஸ்டிலேயே கழிக்கலாம். முதல் ரயிலை நம்பினால் விமானம் போய்விடும். விமான நிலையக் கோச்சுகள் நள்ளிரவிலும் ஓடுகின்றன, சுமார் இரண்டு மணி நேரப் பயணம். இருக்கையை மட்டும் முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.