யூத வீட்டுச் சிரிப்பு: சொல்லப் போய் நாம் சொதப்பும் இடங்கள்

முதலில் பணத்தைத் தூக்கி வெளியே வைத்துவிடுங்கள். யூதர் ஜோக் என்று ஆரம்பிக்கிறவர்களில் பலர் கஞ்சத்தனத்தில்தான் போய் நிற்கிறார்கள், வாட்ஸப்பில் சுற்றுவதும் அதுதான். அந்த ஜோக்கில் யூதரை எடுத்துவிட்டு உங்களுக்குப் பிடிக்காத வேறொரு சாதியையோ ஊர்க்காரரையோ போட்டுப் பாருங்கள், மிச்சமெல்லாம் அப்படியே ஓடும். அப்படியென்றால் அதில் யூதமும் இல்லை, குடும்பமும் இல்லை, பழி மட்டும்தான் இருக்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் பல இடங்களில் யூதர்களை நிலம் வாங்க விடாமல், கைவினைச் சங்கங்களில் சேர விடாமல் தடுத்து, வட்டிக்கு விடுவது போன்ற சில வேலைகளை மட்டும் திறந்து வைத்து, பிறகு வட்டிக்காரன் என்று ஏசினார்கள். அந்த ஏச்சு எங்கே போய் முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

சரி, இதைச் சொல்ல நான் யார்? அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், மத விதிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் ஓர் ஆர்த்தடாக்ஸ் யூதக் குடும்பத்தின் வீட்டு மாடியில் ஆறு வருடம் வாடகைக்கு இருந்தேன். கீழே வீட்டுக்காரர், அவர் மனைவி, நான்கு பிள்ளைகள், வீட்டுக்காரரின் அம்மா. அந்த வீட்டுக் கதைகளை ஆபீசிலும் ஊருக்குப் போன் பேசும்போதும் சொல்லிச் சொல்லி, செய்யக்கூடிய தப்பு எல்லாவற்றையும் ஏறக்குறைய செய்து முடித்துவிட்டேன்.

அதில் பெரிய தப்பு, விதியைப் பார்த்துச் சிரிப்பது. வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு நட்சத்திரம் தெரியும் வரை சப்பாத், அதாவது ஓய்வு நாள். சமைப்பது, எழுதுவது, நெருப்பு மூட்டுவது என்று 39 வகை வேலைகளுக்குத் தடை, மின்சார ஸ்விட்சையும் தொடுவதில்லை. "பாருங்களேன், லைட்கூடப் போட மாட்டார்களாம்!" என்று சொல்லிவிட்டு நான் சிரிப்புக்குக் காத்திருந்தது உண்டு. ஒருவரும் சிரிக்கவில்லை, அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. சிரிப்பு இருப்பது ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் குட்டி பல்பில். கதவைத் திறந்தால் அது எரியும், எரிந்தால் ஸ்விட்ச் போட்ட கணக்கு, ஆகவே வெள்ளி மதியமே அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும். அந்த வேலை இரண்டாவது பையனுடையது. அவன் ஒரு வாரம் மறந்தான். சாலட், ஜூஸ், முந்தின நாள் உட்கார்ந்து செய்த மீன் எல்லாம் உள்ளே இருக்க, ஏழு பேர் ஒரு மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். அதைப் பற்றி இரண்டு வருடம் கழித்தும் அவனிடம் பேசினார்கள்.

எனக்கே நடந்தது இன்னொன்று. ஜூலை மாதம், வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை. கதவைத் தட்டும் சத்தம் (காலிங் பெல்லும் மின்சாரம்தானே). வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக நிற்கிறார், நெற்றியெல்லாம் வியர்வை. "கீழே வாங்களேன், கேக் இருக்கிறது." போனேன். மேசையைச் சுற்றி எல்லோரும் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். கேக் வந்தது. "இந்த வருஷம் வெயில் கொஞ்சம் அதிகம்தான்" என்றார். ஆமாம் என்றேன். "மேலே உங்களுக்கு எப்படி?" ஏசி ஓடுகிறது, பரவாயில்லை என்றேன். பாட்டி ஒரு பத்திரிகையை மடித்து விசிறிக்கொண்டே, "இங்கேயும் ஒன்று இருக்கிறது, அழகுக்கு" என்றார். நான் சிரித்தேன். வீட்டுக்காரரின் மனைவி இன்னொரு துண்டு வைத்தார். அப்புறம் இன்னொன்று. மூன்று துண்டையும் சாப்பிட்டு, நன்றி சொல்லி, மேலே வந்து ஏசியில் நன்றாகத் தூங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பையன் மாடிப்படியில் என்னைப் பிடித்து நிறுத்தி விளக்கினான். ஏசியைத் தானாகப் போட்டு அணைக்க முன்கூட்டியே வைக்கும் டைமரில் காலையையும் மாலையையும் யாரோ மாற்றி வைத்ததில் ஏசி நின்றுவிட்டது. அதைப் போடச் சொல்லி யூதரல்லாதவரிடம்கூட நேரடியாகக் கேட்கக்கூடாது, ஜாடையாகச் சொல்லிப் பார்க்கலாம். ஜாடையாகச் சொல்லி, கேக்தான் தீர்ந்தது.

இதை முதலில் "எப்படிச் சுற்றி வளைக்கிறார்கள் பாருங்கள்" என்ற தொனியில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், சப்பென்று போனது. என் மரமண்டையைப் பற்றிய கதையாக மாற்றிய பிறகுதான் ஜனங்கள் சிரித்தார்கள். அங்கே விதியை யாரும் மீறவில்லை, கேலியும் செய்யவில்லை, ஆனால் எல்லோருக்கும் வேர்க்கிறது. அந்த இக்கட்டுக்குள் மரியாதையாக எவ்வளவு தூரம் நெளியலாம் என்று ஒரு குடும்பமே நெளிகிறது. சிரிப்பு அந்த நெளிவில். இதைக் கடவுளை ஏமாற்றுவது என்று எழுதினால் இன்னும் மோசம். பட்டனைத் தொட வேண்டியிராதபடி மாடிக்கு மாடி தானாக நின்று போகும் சப்பாத் லிஃப்ட், சப்பாத்தில் வீட்டுக்கு வெளியே சாமான் தூக்கக்கூடாது என்பதால், உள்ளே இருப்பதெல்லாம் ஒரே வீட்டுக் கணக்கு என்று மன்ஹாட்டனைச் சுற்றிக் கட்டி, வாரா வாரம் அறுந்திருக்கிறதா என்று ஆள் போய்ப் பார்த்துவரும் கம்பி, இவற்றை அவர்கள் யாருக்கும் தெரியாமல் செய்யவில்லை. சட்டத்தைக் கொடுத்தவருக்கு அதன் இடுக்குகளும் தெரியும் என்பதுதான் அவர்கள் எண்ணம். இடுக்கில் நுழைய இவ்வளவு பாடுபடுகிறவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்தது அம்மா ஜோக். பல்பு மாற்ற எத்தனை யூத அம்மாக்கள் வேண்டும்? "வேண்டாம்ப்பா, நான் இருட்டிலேயே உட்கார்ந்துகொள்கிறேன்." மகனுக்கு இரண்டு டை வாங்கிக் கொடுத்த அம்மா, அவன் அதில் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து நின்றதும், "ஏன், இன்னொன்று பிடிக்கவில்லையா?" நல்ல ஜோக்குகள்தான், பழசு, இப்போதும் வேலை செய்யும். ஆனால் படித்ததும் உங்களுக்கு ஞாபகம் வந்தது உங்கள் அம்மாதானே? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க மேடைகளில் பெரும்பாலும் மகன்கள் சொல்லிப் பரப்பிய உருவம் அது. அம்மா பக்கக் கதை அதில் இல்லை. கீழ் வீட்டு அம்மாவை நான் பார்த்த விதம் வேறு. சப்பாத் விளக்கைச் சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்னால் ஏற்றுவது வழக்கம். டிசம்பர் தொடக்கத்தில் நியூயார்க் பக்கம் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும், ஆக 4:10-க்குள் மறுநாள் இரவு வரைக்குமான சமையல், நான்கு பிள்ளைகளின் குளியல், மேசை, வெள்ளை விரிப்பு, வெந்நீர்ப் பானை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். மூன்றே முக்காலுக்கு அந்த வீட்டிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டால் ரயிலைப் பிடிக்க ஓடுகிற குடும்பம் என்று நினைப்பீர்கள். 4:11-க்கு ஒரு சத்தம் இருக்காது. அந்த ஒரு நிமிடத்தை எழுதத் தெரிந்தால் போதும், டை ஜோக் தேவையே இல்லை.

எல்லா யூதரும் நியூயார்க்கின் புரூக்ளின்காரர் என்று நினைத்து எழுதுவதும் நிறைய நடக்கிறது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீண்டதைக் கொண்டாடும் பஸ்கா பண்டிகையின் இரவு விருந்தில் பாரசீக யூதக் குடும்பங்கள், எகிப்தியரின் சாட்டையடியை நினைவுகூர, பாட்டு நடுவே வெங்காயத்தாளால் ஒருவரையொருவர் விளாசிக்கொள்கிறார்கள். மாமனாரை அடிக்க வருடத்தில் ஓர் இரவு அனுமதி இருக்கிற வீட்டில் நகைச்சுவையைத் தேடிப் போக வேண்டுமா என்ன? நமக்குப் பக்கத்திலேயே, கொச்சி யூதப் பெண்கள் நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்து மலையாளத்தில் பாடினார்கள். அவர்கள் வாயில், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் 'ஐயோ' மாதிரியான 'ஓய் வே'யை வைத்தால் எப்படி ஒட்டும்?

அரிசி விஷயம் இன்னும் நல்லது. பஸ்கா நாட்களில் புளித்த மாவு கூடாது என்பது எல்லோருக்கும் பொது. கிழக்கு ஐரோப்பிய மரபில் வந்த அஷ்கெனாசிகள் அரிசி, பருப்பு வகைகளையும் சேர்த்து விலக்குவார்கள், பாக்தாத் வழி வந்தவர்கள் அரிசி சாப்பிடுவார்கள். (ஆர்த்தடாக்ஸைவிடக் கொஞ்சம் தளர்வான 'கன்சர்வேடிவ்' இயக்கத்தின் ரபிகள், அதாவது மதகுருக்கள், 2015-ல் அஷ்கெனாசிகளும் சாப்பிடலாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள், ஆர்த்தடாக்ஸ் வீடுகள் அசையவில்லை.) என் வீட்டுக்காரரின் தம்பி பாக்தாத் குடும்பத்தில் பெண் எடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு கணவன் வீட்டு வழக்கம்தான் மனைவிக்கும் என்பதால் முதல் பஸ்காவுக்கு அந்தப் பெண்ணுக்கு அரிசி கிடையாது. அந்த எட்டு நாட்களில் மூன்று முறை அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், பார்த்துவிட்டு வரப் போனார்.

பண்டிகைக்கு முந்தின இரவு மெழுகுவர்த்தியும் இறகும் எடுத்துக்கொண்டு வீடு முழுக்க ரொட்டித் துணுக்கைத் தேடும் சடங்கு இருக்கிறது. தேடல் வீணாகக் கூடாது என்று பத்துத் துண்டுகளை முன்கூட்டியே ஒளித்துவைப்பார்கள். ஒளித்தவருக்குப் பத்தாவது எங்கே என்று மறந்துபோவதும் சடங்கின் பகுதியோ என்று எனக்குச் சந்தேகம், நான் பார்த்த இரண்டு வருடமும் அதுதான் நடந்தது. தேடி முடித்ததும், என் கண்ணில் படாமல் ஏதாவது மிஞ்சியிருந்தால் அது எனக்குச் சொந்தமில்லை, மண்ணுக்குச் சமம் என்று சொல்லும் ஒரு வாசகம் உண்டு. பல நூற்றாண்டுக்கு முன்பே யாரோ ஒரு ரபி தன் பிள்ளைகளை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார்.

சொற்களைத் தூவுவதிலும் கவனம் வேண்டும். இத்திஷ் சொற்கள் கேட்கவே வேடிக்கையாக இருக்கும் என்பதால் வரிக்கு ஒன்று போடத் தோன்றும். ஒன்று போதும், அதுவும் வேலை செய்தால். சூப்பைக் கொட்டுகிறவன் 'ஷ்லெமீல்', அது யார் மடியில் விழுகிறதோ அவன் 'ஷ்லிமாஸல்'. இது இரண்டுக்கும் தனித்தனி வார்த்தை வைத்திருக்கிறார்கள் என்பதே கதை. கீழ் வீட்டில் பாட்டியை எல்லோரும் 'பபி' என்பார்கள். நானும் அதே பழக்கத்தில் அம்மாவிடம் போனில், "கீழ் வீட்டுப் பபிக்கு மூட்டு வலி, ராத்திரியெல்லாம் தூக்கமில்லை" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாய்க்குட்டிக்கு அந்த வயசிலயே மூட்டு வலி வருமா?" என்று கேட்டாள். பபியிடம் இதைச் சொன்னபோது மூட்டு வலியோடு எழுந்து நின்று சிரித்தார்.

துக்கத்தில் முந்திரிக்கொட்டையாக இருக்காதீர்கள். நாஜி முகாம்களிலும் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோக்களிலும்கூட ஜோக் சொல்லிக்கொண்டார்கள், அது உண்மை, ஆனால் அவை அங்கே இருந்தவர்களுடையவை, நம் கைக்கு அவை வேண்டாம். சாவு வீட்டில் ஏழு நாள் துக்கம் காப்பார்கள், தாழ்வான நாற்காலியில் உட்காருவார்கள், போகிறவர்கள் துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும் வரை பேசாமல் இருக்க வேண்டும் என்பது மரபு. பபி என் ஐந்தாவது வருடத்தில் இறந்துபோனார். நான் போய் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரம் கழித்து வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்து, "இவர்தான் மூன்று துண்டு" என்று பக்கத்தில் இருந்தவருக்கு அறிமுகம் செய்தார். அவர் தொடங்கியதால் சிரித்தோம். நான் தொடங்கியிருந்தால் எழுந்து போகச் சொல்லியிருப்பார்கள், சரியாகவும் இருந்திருக்கும்.

கடைசியாக, கேட்காமல் சொல்வது. இதில்தான் நான் நிஜமாகவே தலைகுனிந்தேன். மூத்த பெண்ணுக்கு வரன் பார்த்த சமயம், பையனும் பெண்ணும் ஹோட்டல் லாபியில் ஆளுக்கொரு கோக் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பேசிவிட்டு வந்த கதையை ஆபீஸ் சாப்பாட்டு மேசையில் விலாவாரியாகச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் கேட்டவர்களில் ஒருவரின் மனைவி அதே ஜெப ஆலயத்துக்குப் போகிறவர். இரண்டு வாரம் அந்தப் பெண் படியில் என்னைப் பார்த்தால் சுவரைப் பார்த்தாள். ஒருவரைப் பற்றி உண்மையையே சொன்னாலும் அவருக்குக் கெடுதல் என்றால் அது 'லஷோன் ஹரா', தீய நாக்கு. சபையில் ஒருவர் முகம் வெளிறும்படி செய்வது ரத்தம் சிந்துவதற்குச் சமம் என்று யூதச் சட்ட நூலான தல்மூத் சொல்கிறது. இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும், தெரிந்திருந்தால் வாயை மூடியிருப்பேனா என்பது வேறு கேள்வி.

அதனால் இந்த முறை எழுதுவதற்கு முன்பே வீட்டுக்காரரின் மனைவியைக் கூப்பிட்டு, மூத்தவள் கதை உட்பட ஒவ்வொன்றாகச் சொல்லி அனுமதி கேட்டேன். மூத்தவளிடம் பேசிவிட்டு மறுநாள் திரும்பக் கூப்பிட்டார். லாபிக் கதைக்குச் சரி, இப்போது அவளுக்கே மூன்று பிள்ளைகள். ஃப்ரிட்ஜ் கதைக்குச் சரி. ஏசி கதைக்கு மட்டும் ஒரு நிபந்தனை: "டைமரை மாற்றி வைத்தது அவர், நான் இல்லை. அதைத் தெளிவாக எழுதிவிடுங்கள்."