கேல் கீரையில் ஓட்டைகள்: என் அனுபவம்

கேல் குளிருக்கு அஞ்சாத கீரை. உறைபனி பட்டால் இலையில் சர்க்கரை கூடி இன்னும் சுவைக்கும். என் செடிகளுக்குத் தொல்லை தந்தது குளிரல்ல, வெள்ளை வண்ணத்துப்பூச்சி. இலையெல்லாம் ஓட்டை, நடுக்குருத்தில் பச்சை நிற எச்சம். ஆனால் புழு மட்டும் கண்ணில் படவில்லை. காம்பின் நிறத்திலேயே, நடு நரம்போடு ஒட்டிப் படுத்திருந்தால் எப்படித் தெரியும்?

இலையைத் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அடிப்பக்கத்தில் வெளிர்மஞ்சள் முட்டைகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றிருந்தன. விரலால் தேய்த்தாலே போய்விடும். கண்ட புழுக்களையும் பொறுக்கினேன். அருவருப்பான வேலைதான், வேறு வழியில்லை.

எஞ்சிய குட்டிப் புழுக்களுக்கு பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற, புழுக்களைக் கொல்லும் பாக்டீரியாவின் கரைசலைத் தெளித்தேன். புழு தின்றால்தான் அது வேலை செய்யும் என்பதால், இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். வெயிலில் வீரியம் குறையும். அதனால் மாலையில் தெளிப்பதே நல்லது. வளர்ந்த புழுக்களிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை.

நிலையான தீர்வு வலைதான். வளைத்த குழாய்களின்மேல் நெருக்கமான வலையைப் போர்த்தி, ஓரங்களை மண்ணில் புதைத்தேன். இலை வலையைத் தொடக்கூடாது. தொட்டால் பூச்சி வெளியிலிருந்தே முட்டையிட்டுவிடும். மூடுவதற்கு முன் செடியில் முட்டை, புழு இல்லையென்று உறுதிசெய்யுங்கள். இல்லையேல் புழுவுக்குத்தான் பாதுகாப்பு!

ஓட்டை விழுந்த கீழ் இலைகளைக் கிள்ளி எறிந்தேன். குருத்து பிழைத்திருந்ததால் புதிய இலைகள் நடுவிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன.