பனிக்காட்சிப் படத்துக்கு ஓவிய ஃபில்டர்: வெண்மை கெடாமல் போடுவது எப்படி?

ஓவிய ஃபில்டர்கள் படத்தில் உள்ள நிற, ஒளி வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்டுதான் தூரிகைத் தடம் போடுகின்றன. பனி மூடிய நிலத்தில் அந்த வேறுபாடு மிகக் குறைவு. கண்ணை மூடிக்கொண்டு ஃபில்டரைப் போட்டால் வெள்ளைத் திட்டோ சாம்பல் குழம்போதான் மிஞ்சும். பாதி வேலை ஃபில்டருக்கு முன்பே இருக்கிறது.

கேமராவின் மீட்டர் பனியையும் நடுச்சாம்பலாகவே கணக்கிடும், படம் மங்கிப்போகும். எடுக்கும்போதே எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) +1 முதல் +1.7 ஸ்டாப் வரை கூட்டி, ரா ஃபைலாக (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவாக) எடுங்கள். எடிட்டிங்கில் ஹிஸ்டோகிராமை (ஒளி அளவுகளின் வரைபடம்; 0 கறுப்பு, 255 முழு வெள்ளை) பார்த்து, பனியின் மிகப் பளிச்சென்ற பகுதி 235–245க்குள் நிற்கும்படி ஹைலைட்டைக் குறையுங்கள். 255ஐத் தொட்ட இடத்தில் விவரமே இல்லை. அங்கே ஃபில்டருக்கு வரைய ஒன்றும் கிடைக்காது. வெயில் பட்ட பனி வெள்ளையாகத் தெரியும்படி ஒயிட் பேலன்ஸை வைத்தால் போதும். நிழலில் விழும் வானத்தின் நீலத்தைத் துடைத்துவிடாதீர்கள், குளிரைக் காட்டுவதே அதுதான்.

ஷார்ப்பனிங் இப்போது வேண்டாம். ஷார்ப்பனிங்கால் கிளைகளைச் சுற்றி வரும் மெல்லிய ஒளிக்கோட்டை ஃபில்டர் தடித்த வெள்ளைக் கரையாக்கிவிடும்.

ஃபில்டரின் ரேடியஸ், அதாவது தூரிகைத் தடத்தின் பருமன், பிக்சல் கணக்கில் இயங்குவதால், படத்தை முதலில் இறுதி அளவுக்குக் கொண்டுவாருங்கள். 6000 பிக்சல் அகலத்தில் கண்ணுக்கே தெரியாத ரேடியஸ் 4, 1600 பிக்சலில் சிறு கிளைகளைக் கரைத்துவிடும்.

கிம்ப் என்ற இலவச எடிட்டிங் மென்பொருளில் லேயரை இரண்டு முறை நகலெடுங்கள். அசல் அடியில் இருக்கட்டும். ஃபில்டர்ஸ், ஆர்ட்டிஸ்டிக், ஆயிலிஃபை என்று போய், நடு லேயருக்கு மாஸ்க் ரேடியஸ் 8–10 கொடுங்கள். இது வானத்துக்கும் பனிச்சரிவுக்கும். மேல் லேயருக்கு 2–3. இது மரங்களுக்கும் வேலிக்கும். மேல் லேயரில் கறுப்பு மாஸ்க் சேர்த்து, விளிம்பு மென்மையான வெள்ளைத் தூரிகையால் மரங்களை மட்டும் தீட்டி வெளிக்கொண்டுவாருங்கள். நடு லேயரின் ஒப்பாசிட்டியை (ஒளிபுகாத்தன்மையை) 70 சதவீதத்துக்கு இறக்கினால் பனியின் மணல்போன்ற துகள்தன்மை கொஞ்சம் எட்டிப்பார்க்கும். இந்தப் பிரிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். படம் ஓவியமாவது இங்கேதான்.

ஃபோட்டோஷாப்பில் லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிக்கொண்டால் அளவுகளை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். அங்குள்ள ஆயில் பெயின்ட் ஃபில்டரில் ஷைன் ஏறினால் பனி பிளாஸ்டிக் போலப் பளபளக்கும். லைட்டிங் டிக்கையே எடுத்துவிடுவது நல்லது. மெனுவில் ஃபில்டர் கேலரி அழுத்த முடியாமல் மங்கலாகக் கிடந்தால், படம் 16 பிட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்; 8 பிட்டுக்கு மாற்றினால் திறக்கும். அதிலுள்ள வாட்டர்கலர் நிழல்களை மிகவும் இருட்டாக்கும்: ஷேடோ இன்டென்சிட்டியை 0 ஆக்கி, பிறகு கர்வ்ஸில் நடுத்தொனியைத் தூக்குங்கள். இலையுதிர்ந்த மரங்கள் மட்டும் நிற்கும் மூடுபனிப் படத்துக்கு அதே கேலரியின் கட்அவுட் ஃபில்டர், 5–6 லெவலில், எண்ணெய் ஓவியத்தைவிட அழகாக அமையும்.

கிம்ப்பின் சாஃப்ட்க்ளோ ஃபில்டரைப் பனியில் தவிர்த்துவிடுங்கள், வெண்மையை வெடிக்கவைக்கும். விழும் பனித்துளிகள் ஃபில்டரில் வீங்கிப் பொட்டுகளாகும். முன்பே ஹீலிங் தூரிகையால் எடுத்துவிடலாம். வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால், கடைசியில் 1–2 சதவீதம் நாய்ஸ் சேர்த்தால் பெரும்பாலும் மறைந்துவிடும்.