முதலாளி அனுப்பும் மேனேஜ்மென்ட் பாடங்களை எடை போடுவது எப்படி?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் ஒரு நண்டு கம்பெனியில் எனக்கு சூப்பர்வைசர் வேலை. அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கும் பெண்கள் என் பொறுப்பு. ராத்திரியானால் முதலாளியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்துவிடும். பிடிஎஃப், யூடியூப் வீடியோ, யாரோ ஒரு பயிற்சியாளரின் பத்து சூத்திரங்கள். "படிச்சுப் பாரும்மா, நம்மளுக்கு ஒத்து வருமான்னு சொல்லு." நான் பார்க்கிற விதத்தை எழுதுகிறேன். ஐஸ் கம்பெனி, கடல்பாசிக் கொள்முதல், லாட்ஜ் என்று ஆள் வைத்து வேலை வாங்கும் யாருக்கும் பயன்படலாம்.

முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். பயிற்சிக் கட்டணமோ சாப்ட்வேர் விலையோ அங்கே இருக்கும். விற்கிறவர் சொல்வதெல்லாம் பொய் என்று அர்த்தமில்லை. ஆனால் அவரிடம் ஆதாரம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்க வேண்டும்.

அடுத்து, 'ஆய்வு சொல்கிறது' என்ற வரி வந்தால் அங்கேயே நில்லுங்கள். எந்த ஆய்வு, எந்த வருஷம், எத்தனை பேர், யாரோடு ஒப்பிட்டார்கள்? அடிக்கடி வரும் கதை ஹாதார்ன் தொழிற்சாலை. சிகாகோ பக்கம், 1924 முதல் 1932 வரை நடந்த சோதனைகள். 'விளக்கைக் கூட்டினாலும் உற்பத்தி ஏறியது, குறைத்தாலும் ஏறியது. ஆட்களைக் கவனித்தாலே போதும்' என்று முடிப்பார்கள். கேட்க இனிப்பாக இருக்கும். அந்த விளக்குச் சோதனையின் பழைய கணக்குகளைத் தேடியெடுத்து ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2011இல் மறுபடி அலசினார்கள். ஊரெல்லாம் சொன்ன அந்த அதிசய ஏற்றம் கணக்கில் இல்லை. அதே தொழிற்சாலையில் தனி அறையில் சில பெண்களை வைத்து ரிலே என்ற டெலிபோன் பாகத்தைப் பூட்டச் சொன்ன இன்னொரு சோதனையும் உண்டு. அதில் ஓய்வு நேரத்தோடு கூலி முறையையும் மாற்றினார்கள்: முன்பு பெரிய பிரிவு முழுவதின் உற்பத்தியை வைத்துப் போட்ட கூலியை, அந்தச் சின்னக் குழுவின் உற்பத்தியை மட்டும் வைத்துப் போட்டார்கள். ஒத்துழைக்கவில்லை என்று இரண்டு பேரை நடுவிலேயே மாற்றினார்கள். கூலிக் கணக்கை மாற்றினால் கை வேகம் மாறும் என்பது எங்கள் மேசையில் உட்கார்ந்திருக்கும் எந்த அக்காவுக்கும் தெரியும். ஆகவே, எதோடு சேர்த்து எது மாறியது என்று கட்டாயம் தேடுங்கள்.

ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவதும் உண்டு. மனிதருக்கு என்னென்ன தேவை என்று எழுதிய உளவியலாளர் மாஸ்லோ பெயரில், அந்தத் தேவைகளை அடுக்கிய ஒரு பிரமிட் படம் வராத பாடமே இல்லை. அவருடைய 1943 கட்டுரையில் பிரமிடே கிடையாது.

நம்பும்படியான ஆய்வு எப்படி இருக்கும் என்றும் தெரிய வேண்டும். மும்பை பக்கத்து நெசவாலைகளில் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூமும் கூட்டாளிகளும் செய்ததை (2013இல் வெளியானது) பாருங்கள். சில ஆலைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து நிர்வாக ஆலோசனை கொடுத்து, மற்ற ஆலைகளோடு ஒப்பிட்டார்கள். முதல் வருஷத்தில் உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. செய்ததெல்லாம் ஸ்டாக் கணக்கு, மெஷின் பராமரிப்பு, பழுதைக் குறித்து வைப்பது மாதிரி வேலைகள்தான். மேடையில் பேசிக் கைதட்டல் வாங்குகிற சங்கதி ஒன்றுகூட இல்லை.

இனி நம்ம ஊர்ச் சோதனை. எனக்கு இதுதான் முக்கியம். 'ஆட்களை வரிசைப்படுத்து, கடைசிப் பத்து சதவீதத்தை அனுப்பு' என்று ஒரு பிடிஎஃப் வந்தது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் தலைவராக இருந்த ஜாக் வெல்ச் செய்த முறை. இதே மாதிரி வரிசைப்படுத்தலை மைக்ரோசாப்ட் 2013இல் கைவிட்டதை அந்த பிடிஎஃப் சொல்லவில்லை. அதை விடுங்கள், எங்கள் மேசைக்கு வாருங்கள். ஒரே வேகத்தில் கத்தி பிடிக்கும் இரண்டு பேர். ஒருத்தி தட்டில் பெரிய நண்டு, இன்னொருத்தி தட்டில் பொடி நண்டு. பொடி நண்டு எடுத்தவள் சாயங்காலம் எடை போடும்போது பின்தங்கித்தான் நிற்பாள். நீச்சல் காலை ஒட்டிய பெரிய சதையை உடையாமல் எடுப்பவளுக்கும் நேரம் பிடிக்கும். தராசு எண்ணை மட்டும் பார்த்தால் நல்ல கைக்காரியை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்போம்.

வருகைக்கு போனஸ் கொடு என்று வந்தால், தினமும் வேலை இருக்கும் இடத்தில் எழுதியது என்று புரிந்துகொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. காற்றடித்தால் நாட்டுப்படகும் போகாது. சரக்கு வராத நாளை, ஆள் வராத நாளாக எழுதக் கூடாது. 'ஆள் நிற்கிறார்கள் என்றால் திருப்தி' என்பதும் அப்படித்தான். முன்பணம் வாங்கியவர் திருப்தி இல்லாவிட்டாலும் நிற்பார்.

சட்டம் பேசும் பகுதியில் வருஷம் பாருங்கள். 29 பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதில் நான்கு தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமல் என்று ஒன்றிய அரசு அறிவித்துவிட்டது. அதற்கு முந்தைய புத்தகத்தை வைத்துக்கொண்டு சம்பள விதி பேச வேண்டாம்.

கடைசியில் முதலாளிக்குப் பதில். எது நிரூபணமானது, எது வெறும் கதை, இங்கே எதை ஒரு மேசையில் மட்டும் ஒரு மாதம் பார்க்கலாம், எந்தக் கணக்கை வைத்து முடிவெடுப்போம் என்று சொல்லி ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள். இரண்டு நிமிஷத்தைத் தாண்டினால் எங்கள் முதலாளி கேட்க மாட்டார். உங்களுடையவரும் அப்படித்தான் இருப்பார்.