கடன் வாங்கிய நிரலில் நம்மூர் வானிலை

உங்கள் இணையதளத்தில் நம்மூர் வானிலை காட்டும் ஒரு சிறு பெட்டி வைக்க ஆசையா? நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் அதற்கான திறமூல நிரல்களுக்கு, அதாவது யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடியவற்றுக்கு, பஞ்சமில்லை. அப்படியே எடுத்து ஒட்டினால் எங்கோ ஒரு வெளிநாட்டு ஊரின் வெப்பநிலை வரும், சிலவற்றில் ஃபாரன்ஹீட்டில் வேறு. பதற வேண்டாம்.

வானிலைத் தரவு தரும் இணையச் சேவைகளில் ஓப்பன்-மீட்டியோ என் தேர்வு. வணிக நோக்கமில்லாத தளங்களுக்கு இலவசம், ஏபிஐ சாவியும் (தரவு பெறத் தரப்படும் ரகசியக் குறியீடு) கேட்காது. சாவி கேட்கும் சேவையாக இருந்தால் அதை உலாவியில் எவரும் பார்க்கக்கூடிய ஜாவாஸ்கிரிப்டில் எழுதி வைக்காதீர்கள்; வீட்டுச் சாவியை வாசலில் தொங்கவிடுவது போலத்தான்.

நிரலில் அட்சரேகை, தீர்க்கரேகை உள்ள வரியைத் தேடி மாற்றுங்கள். மதுரைக்கு 9.92, 78.12. நேர மண்டலம் கொடுக்காவிட்டால் கிரீன்விச் நேரம்தான் வரும், நமக்கு ஐந்தரை மணி நேரம் பிந்தி. நான் முதலில் கோட்டைவிட்டது இதில்தான்.

வானிலை நிலவரம் சொல்லாக வராது, எண்ணாக வரும்: 0 தெளிந்த வானம், 2 ஆங்காங்கே மேகம், 3 மேகமூட்டம், 45 மூடுபனி, 51 முதல் 55 வரை தூறல், 61 லேசான மழை, 65 கனமழை, 95 இடிமழை. இவற்றுக்கு ஒரு தமிழ்ப் பட்டியல் எழுதிச் சேர்த்தால் போதும், மொழிபெயர்ப்புக் கருவியே வேண்டாம். 'பகுதியளவு மேகமூட்டம்' என்றெல்லாம் யார் பேசுகிறார்கள்?

உங்கள் சர்வர் வழியே தரவு எடுத்தால், வந்ததை அரை மணி நேரம் சேமித்து வைத்து அதையே காட்டுங்கள்; ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்க வேண்டாம். இலவச வரம்பு நாளுக்கு 10,000 அழைப்புகள், அதாவது தரவு கேட்கும் கோரிக்கைகள். நிரலாசிரியரின் உரிமக் குறிப்பை அழிக்காதீர்கள். பெட்டியின் அடியில் ஓப்பன்-மீட்டியோவுக்கு இணைப்பும் கொடுக்க வேண்டும்.