பிரையன் க்ளஃப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

இங்கிலாந்துக் கால்பந்தில் ஆட்டக்காரராகவும் பிறகு மேனேஜராகவும் இருந்த க்ளஃபைப் பற்றி எழுதுபவர்கள் அடிக்கடி சறுக்குகிறார்கள். முதலில் பெயர். ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘க்ளோ’, ‘க்ளௌ’ என்றெல்லாம் எழுதிவிடுகிறார்கள். க்ளஃப் என்பதுதான் உச்சரிப்பு. சரி, இது சின்ன விஷயம்.

“ஆட்டக்காரராகச் சுமார், மேனேஜராகத்தான் பெரிய ஆள்” என்ற வரி அதைவிட மோசம். இங்கிலாந்துக்காக இரண்டே ஆட்டம், கோல் இல்லை என்பதை மட்டும் பார்த்துவிட்டு எழுதுவது அது. மிடில்ஸ்பரோ, சண்டர்லாந்து அணிகளுக்காக லீக்கில் 274 ஆட்டங்களில் 251 கோல் போட்டவர் அவர். அதற்காக ஊதிப் பெருக்கவும் வேண்டாம். கிட்டத்தட்ட எல்லாமே இரண்டாம் டிவிஷன் (லீக்கில் மேலிருந்து இரண்டாம் அடுக்கு) கோல்கள். 1962 டிசம்பர் 26 அன்று பரி அணியின் கோல்கீப்பரோடு மோதியதில் முழங்கால் தசைநார் அறுந்தது. திரும்பி வந்து முதல் டிவிஷனில் மூன்றே ஆட்டங்கள் ஆடினார், 29 வயதில் எல்லாம் முடிந்தது. இந்த முழங்காலை விட்டுவிட்டால், 30 வயதிலேயே ஒருவர் நான்காம் டிவிஷனில் கிடந்த ஹார்டில்பூல்ஸ் அணிக்கு மேனேஜராகப் போனது ஏன் என்று வாசகருக்குப் புரியாது.

லீட்ஸ் அணியின் மேனேஜராக 1974இல் அவர் இருந்த 44 நாட்களைப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். சுவாரசியமான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டில் அவர் இருந்தது 18 வருடங்கள்.

என்னைக் கேட்டால், பெரிய தவறு பீட்டர் டெய்லரை ஓரங்கட்டுவது. மிடில்ஸ்பரோவில் க்ளஃபுடன் ஆடிய கோல்கீப்பர் அவர். பிறகு ஹார்டில்பூல்ஸ், டார்பி, பிரைட்டன் எல்லாவற்றிலும் க்ளஃபின் உதவியாளராக உடன் இருந்தவர். லீட்ஸுக்கு மட்டும் போகவில்லை! 1976இல் ஃபாரஸ்டுக்கு வந்தார். மறு வருடம் அணி முதல் டிவிஷனுக்கு ஏறியது, 1978இல் சாம்பியன். ஆட்களைக் கண்டுபிடிக்கும் கண் டெய்லருடையது. முன்களத்தில் ஆடிக்கொண்டிருந்த கென்னி பர்ன்ஸைத் தடுப்பாட்டத்துக்கு மாற்றினார்கள்; அவர் 1978இன் சிறந்த ஆட்டக்காரர் விருதையே வாங்கினார். டெய்லர் 1982இல் விலகினார். அடுத்த வருடம், டார்பி மேனேஜராகிவிட்ட டெய்லர் ஃபாரஸ்ட் ஆட்டக்காரர் ஜான் ராபர்ட்சனை டார்பிக்கு வாங்கிய விவகாரத்தில் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. 1990இல் டெய்லர் இறக்கும்வரை அது சரியாகவில்லை. அப்புறம் க்ளஃப் லீக்கும் வெல்லவில்லை, ஐரோப்பாவிலும் வெல்லவில்லை. “டெய்லர் இல்லாமல் க்ளஃப் பூஜ்யம்” என்று மறுபக்கம் சாய்பவர்களும் உண்டு. 1989, 1990இல் க்ளஃப் வென்ற லீக் கோப்பைகளை (இது லீக் பட்டம் அல்ல, தனி நாக்-அவுட் போட்டி) அவர்கள் எந்தக் கணக்கில் வைப்பார்களோ!

கோப்பைகளின் பெயரில் கவனம் தேவை. 1979இல் மியூனிக்கில் மால்மோவையும், 1980இல் மாட்ரிட்டில் ஹாம்பர்க்கையும் 1-0 என வென்றது ஐரோப்பியக் கிளப் சாம்பியன்களுக்கான கோப்பை, இன்றைய சாம்பியன்ஸ் லீக்கின் முன்னோடி. அதை ‘யூரோ கோப்பை’ என்று எழுதினால் நாடுகள் ஆடும் போட்டியாகிவிடும். அதேபோல, டார்பியோடு 1972இலும் ஃபாரஸ்டோடு 1978இலும் அவர் வென்றதை ‘பிரீமியர் லீக்’ என்று சொல்லக் கூடாது, அது முதல் டிவிஷன். பிரீமியர் லீக் தொடங்கியதே 1992இல். அதில் க்ளஃப் மேனேஜராக இருந்தது ஒரே சீசன். அந்த சீசனில் ஃபாரஸ்ட் 22 அணிகளில் கடைசியாக வந்து கீழே இறங்கியது.